வைவா நடக்கும் மாதத்தில்தான் கிணறு வற்றும்: கிராமத்துக்குப் போகும் பொறியியல் மாணவர்கள் எதைச் செய்யலாம்?

திங்கட்கிழமை காலை வேங்கிக்கால் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் சாலையில் இருக்கும் ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கள் என்றால் குறைதீர்வு நாள். செங்கம், தண்டராம்பட்டு, போளூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து, பிளாஸ்டிக் கவரில் மனுவை மடங்காமல் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கத்துக்காரர்கள் என்றால் விடியும் முன்பே கிளம்பினால்தான் முடியும். பட்டா, ஓய்வூதியம், பாதைத் தகராறு. கூடவே குடிநீர்.

அதே சாலையில் அதே நேரத்தில் கல்லூரி பஸ்களும் போகும். திருவண்ணாமலையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சிவில், மெக்கானிக்கல், இசிஇ படிக்கிற பிள்ளைகள் காதில் இயர்போனோடு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த பஸ்ஸில் இருப்பவர்களால் அந்த மனுவில் இருப்பதைத் தீர்க்க முடியாதா என்பது எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. அரசுக்கும் தோன்றியிருக்கிறது. 2014இல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' திட்டமே அதற்குத்தான். கல்லூரிகள் ஆளுக்குக் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, அங்குள்ள பிரச்சினைகளுக்குத் தங்கள் படிப்பால் தீர்வு காண வேண்டும். ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்கிறது. என்எஸ்எஸ் முகாம்கள் இதற்கு முன்பே, 1969 முதல் நடக்கின்றன. ஆக, மாணவர்கள் கிராமத்துக்குப் போகாமல் இல்லை. போன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஏற்கெனவே இருப்பது ஏன் ஓடவில்லை என்று அளந்து, எழுதி, அடுத்த பேட்சிடம் கொடுத்தால் போதும். கேட்க சப்பென்று இருக்கும். ஆனால் இன்றைக்குக் கிராமத்துத் தண்ணீருக்கும் கழிவறைக்கும் தேவைப்படுவது அதுதான்.

பிப்ரவரித் தண்ணீர், மே மாதத் தண்ணீர்

திருவண்ணாமலை மாவட்டத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்றுப் படுகை மணல் மாதிரி அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. மேலே சிதைந்துபோன பாறை அடுக்கு கொஞ்சம், கீழே விரிசல்கள் கொஞ்சம். நிலத்தடி நீர் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு இடத்தில்தான் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீக்கிரம் நிரம்பும்; கோடையில் அதே வேகத்தில் இறங்கும். மலைச்சரிவில் இன்னும் சீக்கிரம். பக்கத்துப் பக்கத்து போர்வெல் இரண்டில் ஒன்று ஓடும், ஒன்று காற்று வாங்கும். ஒன்று விரிசலைத் தொட்டிருக்கும், மற்றது தொட்டிருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கல்லூரி காலண்டரைப் பாருங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கடைசி செமஸ்டரில் வரும். ஜனவரியில் தலைப்பு முடிவாகும். பிப்ரவரியில் களப்பணி. மார்ச்சில் மாடல், ரிப்போர்ட், பைண்டிங். ஏப்ரல், மே மாதத்தில் வைவா. அதாவது மாணவர்கள் ஊருக்குப் போய்ப் பார்க்கிற மாதத்தில் கிணற்றில் தண்ணீர் இருக்கும், குழாயும் ஓரளவு வரும். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதத்தில் அவர்கள் கோட், டை போட்டுக்கொண்டு எக்ஸ்டர்னலுக்கு ஸ்லைடு காட்டிக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரித் தண்ணீரை அளந்து போட்ட டிசைன் மே மாதத் தண்ணீரைத் தாங்காது. இது மாணவர்களின் தப்பு இல்லை. பல்கலைக்கழகத்தின் கால அட்டவணைக்கும் பாறையின் கால அட்டவணைக்கும் ஒத்துவரவில்லை.

மே முடிந்ததும் அந்த நாலு பேர் டீம் கலைந்துவிடும். ஒருவர் பெங்களூரு, ஒருவர் சென்னை, இரண்டு பேர் அரியர் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஊரில் வைத்துவிட்டு வந்த ஃபில்டரில் மணலை எப்போது மாற்றுவது, சென்சாருக்கு யார் ரீசார்ஜ் போடுவது என்பதை யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். திறப்பு விழா பேனர் மட்டும் கிழியாமல் இருக்கும்.

கைபம்ப்பிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை 50 வருடங்களுக்கு முன்பே வந்து, ஒருவழியாகத் தீர்வும் கண்டது. இதைப் பாடத்தில் ஏன் வைப்பதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

1960களின் கடைசியில் வறட்சி வந்தபோது நாடு முழுக்கப் பாறையைத் துளைத்து போர்வெல் போட்டு, மேலே வார்ப்பிரும்பு கைபம்ப்புகளை மாட்டினார்கள். அவை ஒரு குடும்பம், ஒரு பண்ணை வீடு என்ற அளவில் பயன்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டவை. நம் ஊரில் காலையிலிருந்து இரவு வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. 1970களின் நடுவில் யூனிசெஃப் கணக்குப் பார்த்தபோது பெரும்பாலான பம்ப்புகள் ஓடவில்லை. அப்புறம்தான் சோலாப்பூர் பட்டறையில் உருவான ஒரு பம்ப்பை அடிப்படையாக வைத்து, 'இந்தியா மார்க் 2' வடிவமைக்கப்பட்டது. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அதில் பங்கெடுத்தது. கோயம்புத்தூர் பக்கம் தண்ணீர் மிக ஆழத்தில் இருக்கும் 12 போர்வெல்களில் மாட்டி, மாதக்கணக்கில் அடித்துப் பார்த்தார்கள். சோதனைக்குக் கஷ்டமான இடத்தைத் தேடிப் பிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுலபமான ஊரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

பம்ப் உறுதியாகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் பழுதாகத்தானே செய்யும்? தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வந்தது: ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு வண்டியும் குழுவும். அதிலும் ஒரு தொல்லை. பிஸ்டன் வாஷர் தேய்ந்தால்கூட, உள்ளே இருக்கும் மொத்தக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ஆளும் வண்டியும் வேண்டும். 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர் பகுதியில் சோதனை செய்து, 'மார்க் 3' கொண்டுவந்தார்கள். உள் குழாயை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். பிஸ்டனை மட்டும் தனியாக மேலே எடுத்துவிடலாம். ஊர்க்காரர்களே சாதாரண ஸ்பேனரை வைத்து சரி செய்யலாம். தண்ணீர் இறைக்கிற திறனில் பெரிய மாற்றம் இல்லை. விலை கூடியதால் பழைய மாடலை அது முழுசாகத் துரத்தவும் இல்லை. ஆனால் பழுது பார்ப்பவரின் கையை நினைத்து ஒரு குழாயின் விட்டத்தை மாற்றினார்கள் பாருங்கள், நான் பொறியியல் என்று சொல்வது அதைத்தான்.

தூரத்திலிருந்து வரைந்த படம்

இங்கிருந்து கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் தேவிகுளம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 2011இல் இந்த ஊர் ஆஸ்திரேலியப் பொறியியல் கல்லூரிகளில் பிரபலம். 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' என்ற அமைப்பின் ஆஸ்திரேலியப் பிரிவு, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வருடந்தோறும் ஒரு நிஜ ஊரைக் கொடுத்து, அதற்கு டிசைன் போடச் சொல்லும். அந்த வருடத்து ஊர் தேவிகுளம். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் உள்ளூர்ப் பங்காளிகள். மழைநீர்த் தொட்டி, மணல் ஃபில்டர், உரக் கழிவறை, சாண எரிவாயு என்று அந்த மாணவர்கள் அறிக்கை அறிக்கையாக எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரை நேரில் பார்த்ததில்லை.

கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. அது கற்பதற்கான ஏற்பாடு; முதல் வருடத்திலேயே 'இதை யார் பயன்படுத்தப் போகிறார்?' என்று ஒரு மாணவரைக் கேட்க வைப்பது நல்ல விஷயம். நம் கல்லூரிகளில் நாலாவது வருடத்தில்கூட அந்தக் கேள்வி வருவதில்லை. என் சந்தேகம் வேறு. தேவிகுளத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து டிசைன் போடுவதற்கும், ஜவ்வாது மலைக்கு 2 மணி நேரத் தொலைவில் இருக்கும் கல்லூரியின் லேபில் உட்கார்ந்து போடுவதற்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? ஒரே ஒரு நாள் போய், போட்டோ எடுத்து, 30 பேரிடம் கூகுள் ஃபார்ம் நிரப்பிக்கொண்டு வந்தால், தூரம் குறைந்துவிட்டதாக அர்த்தமா?

இதே பெயரில் அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமடே, பெலிஸ் நாட்டில் சான் பாப்லோ என்ற சிற்றூருக்குப் போனபோது, பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போகாமல் தண்ணீர் சுமப்பதைப் பார்த்தார். மாணவர்களோடு திரும்பிப் போய், பக்கத்து அருவியின் வேகத்தாலேயே தண்ணீரை மேலேற்றும் ராம் பம்ப் ஒன்றை அமைத்தார். கரன்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். அந்த அனுபவத்திலிருந்து 2002இல் பிறந்த அமைப்பு அது. அதைவிட எனக்குப் பிடித்தது கனடாப் பிரிவு செய்த காரியம். 2008 முதல் அவர்கள் வருடந்தோறும் 'தோல்வி அறிக்கை' வெளியிட்டார்கள். எந்தத் திட்டம் சொதப்பியது, ஏன் என்று தாங்களே எழுதி அச்சிட்டார்கள். நம் கல்லூரி ஆண்டு மலரில் அப்படி ஒரு பக்கத்தைக் கற்பனை செய்ய முடிகிறதா?

தங்கிப் பார்க்கும் முயற்சி நம்மிடமும் உண்டு. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் 2013இல் 'லிவ்-இன்-லேப்ஸ்' என்ற பாடத்திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, மக்களோடு பேசி, பிரச்சினை எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தீர்வு அதற்கப்புறம். இந்த வரிசை முக்கியம். நம் வழக்கமான ப்ராஜெக்டில் தீர்வு முதலில் யூடியூபில் கிடைத்துவிடும். அதற்கேற்ற ஊரைத்தான் பிறகு தேடுவார்கள்.

முருங்கை விதைக்கு ஓய்வு கொடுங்கள்

முருங்கை விதையால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ப்ராஜெக்ட் செய்யாத கல்லூரி தமிழ்நாட்டில் இருக்கிறதா தெரியவில்லை. விஷயம் உண்மைதான். விதைத் தூள் கலங்கலைத் திரட்டிக் கீழே படியவைக்கும். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் குடிப்பது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். அதில் இருக்கும் உப்பையும் ஃப்ளோரைடையும் முருங்கை விதையால் சரிசெய்துவிட முடியாது. இல்லாத நோய்க்கு மருந்து. போதாததற்கு, தூள் கலந்த தண்ணீரை வைத்திருந்தால் நாற்றம் எடுக்கும்.

பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃப்ளோரைடு பல தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களிலேயே படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடை நீக்கும் 'நல்கொண்டா முறை'யைக் கண்டுபிடித்தது. வேதியியல் சரி. ஆனால் தினமும் அளந்து போட வேண்டும், கலக்க வேண்டும், கழிவைக் கொட்ட இடம் வேண்டும். எந்த வீட்டில் இதை வருடக்கணக்கில் செய்வார்கள்? கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு காவிரித் தண்ணீரையே குழாயில் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. தீர்வு சின்னதா பெரிதா என்பதல்ல இங்கே பேச்சு. தினசரி வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்று டிசைன் போடும்போதே கேட்க வேண்டும்.

சரி, மாணவர்கள் வேறு என்னதான் செய்வது? ஒரு பக்கெட்டும் மொபைலும் இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் சுமார் 1.25 கோடி ஊரக வீடுகளில் 22 லட்சத்துக்கும் குறைவான வீடுகளில்தான் குழாய் இருந்தது. இன்று 1.1 கோடியைத் தாண்டிவிட்டது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் குழாய் என்பது இணைப்பு. தண்ணீர் என்பது வேறு. திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 5 பேர் வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்கு மேல். 10 லிட்டர் பக்கெட் நிரம்ப 2 நிமிடம் ஆகிறது என்றால் அந்த வீட்டுக்கு 55 நிமிடம் தண்ணீர் வர வேண்டும். அரை மணி நேரம்தான் வருகிறது என்றால் ஆளுக்கு 30 லிட்டர்தான் கிடைக்கிறது. தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் இதை வாரம் ஒருமுறை, வருடம் முழுக்க அளந்து எழுதினால் என்ன தெரியும்? எந்த மாதத்திலிருந்து கடைசி வீட்டுக்கு வருவதில்லை, அது மோட்டாரின் குறையா, குழாயின் சரிவா, வழியில் யாரோ வைத்த டுல்லு பம்ப்பா என்பதெல்லாம் தெரியும். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவோடு இந்த ஒரு பக்க அட்டவணையை இணைத்துப் பாருங்கள். அதன் கனமே வேறு.

அடுத்தது குளோரின். ஊர் ஓவர்ஹெட் டேங்கில் தொட்டி ஆபரேட்டர் ப்ளீச்சிங் பவுடர் கலக்கிறார். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ப்ளீச்சிங் பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். மூட்டையைப் பிரித்து 2 மாதம் ஆன பவுடரில் அதே 4 கிராம் போதுமா? கடைசி வீட்டுக்குப் போகும்போது எவ்வளவு மிஞ்சும்? இது ஒரு கெமிக்கல் என்ஜினீயரிங் மாணவருக்குச் சாப்பாட்டு நேரத்து வேலை. ஆபரேட்டருக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. கிட் தீர்ந்துபோய், அலமாரியில் பெட்டி மட்டும் இருக்கும் ஊர்களில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

கழிவறை: ஒரு கோப்பையின் சரிவு

தண்ணீராவது பேசுவதற்குச் சுலபம். கழிவறை அப்படியில்லை. தூய்மை பாரத் திட்டத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கட்டிய கழிவறையில் விறகு அடுக்கியிருக்கிறார்கள் என்று நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் கம்மி.

கிராமத்துக்கு என்று வடிவமைத்த பீங்கான் கோப்பையில் சரிவு அதிகம். அடியில் தண்ணீர் அடைப்பு 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். கடையில் பார்க்கும் சாதாரண நகரத்துக் கோப்பைக்கு ஒரு பக்கெட் வேண்டும். காண்ட்ராக்டர் எது மலிவாகக் கிடைத்ததோ அதை வைத்துவிட்டுப் போயிருப்பார். 5 பேர், ஆளுக்கு நாளைக்கு 2 தடவை என்று வைத்தால் ஒன்றுக்கு 20 லிட்டர், இன்னொன்றுக்கு 100 லிட்டர். வித்தியாசம் 80 லிட்டர். 5 குடத்துக்கு மேல். மலைக்கிராமத்தில் அந்த 5 குடத்தைச் சுமப்பது யார்? வீட்டிலிருக்கும் பெண். அவர் அதில் விறகு அடுக்குவது அறியாமை இல்லை, கணக்கு.

அடுத்து குழி. இரட்டைக் குழிக் கழிவறையில் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு, கழிவை மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு வருடத்தில் கிருமி செத்து, எருவாகிவிடும். யாரும் மலத்தைத் தொட வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் குழியின் நீர் மண்ணில் ஊறி இறங்க வேண்டும். களிமண்ணில் இறங்காது. பிளவுபட்ட பாறையிலோ வேகமாக இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்கே போய்விடலாம். கிணற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கட்டு என்ற பொது விதி மண்ணுக்குப் பொருந்தும். பாறை விரிசலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இதைச் சோதிக்க லேப் வேண்டாம். சின்னக் குழி தோண்டி, அடியில் சரளை போட்டு, முதல் நாள் முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றி 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். சிவில் மாணவர்கள் புத்தகத்தில் படித்துவிட்டு, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகும் சோதனை இது. ஒரு மலைக்கிராமத்தின் 40 வீட்டு வாசலில் இதைச் செய்து, எங்கே குழி, எங்கே மேடை கட்டிய உரக் கழிவறை என்று குறித்த ஒரு வரைபடம், 10 ஸ்மார்ட் டாய்லெட் மாடலுக்குச் சமம். உரக் கழிவறைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. முசிறிப் பகுதியில் ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமன் அதைப் பரவலாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதையெல்லாம் கேட்க வேண்டியது பெண்களிடம். டீக்கடையில் ஆண்களிடம் சர்வே எடுத்தால் கழிவறை 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் வரும். டீமில் மாணவிகள் இருக்க வேண்டும். அவர்கள் சாயங்காலம் குழாயடியில் நிற்க வேண்டும். இரவு தங்க இடம், பாதுகாப்பு, திரும்பி வர வண்டி எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. இதைச் செய்யத் துப்பில்லாமல் 'பெண்களைக் களத்துக்கு அனுப்புவதில்லை' என்பது எவ்வளவு சௌகரியமான கொள்கை!

ஊர் டேங்க், காலனி டேங்க்

எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் வராத ஒரு பக்கம் உண்டு. பல ஊர்களில் ஊருக்கு ஒரு டேங்க், காலனிக்கு ஒரு டேங்க். குழாய் வரைபடத்தில் அது வெறும் இரண்டு வட்டம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது, அந்த வட்டங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாடே பார்த்தது. தண்ணீர் பற்றிப் படிக்கும் மாணவர் இதைத் தெரியாமல் களத்துக்குப் போகக் கூடாது. எந்த டேங்க் முதலில் நிரம்புகிறது, வால்வைத் திறப்பவர் எந்தத் தெருக்காரர், ரிப்பேர் வந்தால் எது முதலில் சரியாகிறது என்பதை எல்லாம் லிட்டரிலும் நிமிடத்திலும் நாளிலும் எழுதலாம். தீர்த்துவைக்கும் அதிகாரம் மாணவருக்கு இல்லை. ஆனால் எழுதிவைத்தால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்குவதைத் தடுக்க ஐஐடி மெட்ராஸில் உருவான 'ஹோமோசெப்' இயந்திரத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். திவான்ஷு குமார் என்ற மாணவரின் இறுதியாண்டு ப்ராஜெக்டாக, பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில் தொடங்கியது. நகரத்துத் தேவைக்கானதுதான், ஆனாலும் பாடம் பொருந்தும். வைவாவோடு அது நிற்கவில்லை. துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கர்மசாரி அந்தோலன் கூடவே இருந்தது, ஒரு ஸ்டார்ட்-அப் உற்பத்தியை எடுத்துக்கொண்டது. முதல் இயந்திரங்கள் இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையிலான சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின. யாருக்காக என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருந்தது.

கல்லூரி மாற்ற வேண்டியது

'தண்ணீர் கொடுப்பது அரசின் வேலை, மாணவன் இலவசக் கூலியா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசின் பொறுப்பை மாணவர் தலையில் வைக்கக் கூடாது என்பதால்தான் கட்டும் வேலையை விட்டுவிட்டு அளக்கும் வேலையைச் சொல்கிறேன். அரசு அதிகாரிகளும் கேட்கத் தயாராக இருந்த காலம் உண்டு. 2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் 'கூடம்' என்ற பெயரில் பதவி பார்க்காமல் வட்டமாக உட்கார்ந்து பேசி, கிராமத்தாரோடும் அப்படியே அமர்ந்து, புதுத் திட்டத்துக்கு முன் பழையதைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேசினார்கள். அனுபவமுள்ள அரசுப் பொறியாளர்களே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால், 20 வயதில் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ப்ராஜெக்டை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கி, ஒரு முழுக் கோடையைப் பார்க்க விட வேண்டும். ஏப்ரல், மே மாதக் களப்பணிக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். 5 ஊரைத் தத்தெடுத்து பேனர் கட்டுவதைவிட, ஒரே ஊருக்கு 5 பேட்ச் தொடர்ந்து போவது மேல். 'புதுமை' என்ற தலைப்பில் 20 மார்க் இருக்கும் மதிப்பீட்டுத் தாளில், 'முந்தைய பேட்ச் வைத்தது ஓடுகிறதா?' என்பதற்கு 20 மார்க் வைத்துப் பாருங்கள், ஒரே வருடத்தில் எல்லாம் மாறும். தோல்வியை ஒழுங்காக எழுதியவருக்கும் முழு மார்க் வேண்டும். இல்லாவிட்டால் ரீடிங்கைக் கூட்டி எழுதத்தான் கற்றுக்கொள்வார்கள். அதைக் கற்றுத்தர நம்மிடம் ஏற்கெனவே போதுமான லேப்கள் இருக்கின்றன.

இன்னொரு ஆசை, கொஞ்சம் குறும்பானதுதான். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அந்த ஊர்த் தொட்டி ஆபரேட்டரை உட்கார வைக்க வேண்டும். பயணப்படியும் ஒரு நாள் சம்பளமும் கொடுத்து. அவர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஸ்டார்ட்டர் பற்றியதாகவோ, மழையில் ஒயர் ஷாக் அடிப்பது பற்றியதாகவோ இருக்கும். பதில் தெரியாத டீம் மறுபடி ஊருக்குப் போகட்டும்.

போகும்போது பழைய பேட்ச் எழுதிவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். அதில் கடைசிப் பக்கத்தில் கடைசி வீட்டுக் குழாயின் ரீடிங் இருக்கும், தேதியோடு. ஜூலையில் புது பேட்சின் முதல் வேலை, அதே குழாயடியில் அதே பக்கெட்டை வைப்பது.